தடைச் செய்தி வந்த அன்றே பையைக் கொட்டுங்கள்

கேட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற இரண்டு வலி மருந்துகளும், செத்த மாட்டைத் தின்னும் பாறு கழுகுகளைக் கொல்லும் என்பதால், 2023 ஜூலை 31 அன்று கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. அறிவிக்கை வாட்ஸ்அப்பில் வந்தது. பார்த்தேன், கட்டைவிரல் ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டேன்.

அக்டோபரில் ஒரு கலப்பின மாடு. கன்று போட்டு இரண்டாம் நாள், எழுந்திருக்கவில்லை. கால்சியம் ஏற்றினேன், வைக்கோல் பரப்பிப் பக்கம் மாற்றிப் படுக்கவைத்தோம். தொடை வீங்கியிருந்தது என்று வலி குறைய ஓர் ஊசி போட்டேன். மறுநாளும் போட்டேன். மூன்றாம் நாள் காலையில் மாடு செத்துவிட்டது என்று போன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சாயங்காலம் பையிலிருந்து காலிப் பாட்டிலை எடுத்து வெளியே வைக்கும்போதுதான் லேபிளைப் படித்தேன். கேட்டோபுரோஃபென். தடைக்கு முன்னால் என் கைக்காசில் வாங்கிப் பையின் அடியில் போட்டு வைத்திருந்தது. மாட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"அத டிராக்டர்ல கட்டி இழுத்துப் பள்ளத்துல போட்டுட்டோமுங்க மேடம்" என்றார்.

நான் கால்நடை மருத்துவராக வேலை பார்ப்பது மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய கிராமங்களில். தமிழ்நாட்டில் பாறு கழுகுகள் இன்னும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இடம் இது. மறுநாள் விடிந்ததும் ஜேசிபி பிடித்துக் குழி தோண்டினோம். வாடகையை நான்தான் கொடுத்தேன், வேறு யார் கொடுப்பார்கள். குழிக்குள் தள்ளும்போது பார்த்தேன், மாட்டின் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. நாயாக இருக்கலாம்.

அதற்குப் பிறகு மருந்துத் தடை பற்றி எந்தச் செய்தி வந்தாலும் நான் செய்கிற வேலையைத்தான் எழுதுகிறேன். களத்தில் பை தூக்கிக்கொண்டு அலைகிறவர்களுக்காக எழுதுவது இது. நாய், பூனை மட்டும் பார்க்கிறவர்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

முதலில், சுருக்கத்தை நம்பாதீர்கள். "வலி மருந்துக்குத் தடை" என்று யாரோ இரண்டு வரி எழுதி அனுப்புவார்கள். மத்திய அரசிதழில் வந்த அறிவிக்கையின் பி.டி.எஃப் வேண்டும். மருந்து மற்றும் அழகுப்பொருள் சட்டம் 1940, பிரிவு 26அ என்று அதில் இருக்கும், ஜி.எஸ்.ஆர். அல்லது எஸ்.ஓ. என்று தொடங்கும் எண் இருக்கும். மூன்று விஷயங்களைத் தேடிப் படியுங்கள். எந்த வேதிப்பொருள். மனிதருக்குமா, விலங்குக்கு மட்டுமா. எந்தத் தேதியிலிருந்து. இதற்கு ஐந்து நிமிடம் போதும். "அந்த மருந்தும் அதன் எல்லாக் கலவைகளும்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் அதன் கீழே பேனாவால் கோடு போடுங்கள். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கலவைகளில்தான்.

வரிசையைத் தெரிந்து வைத்துக்கொண்டால் அடுத்த தடை எங்கிருந்து வரும் என்பதும் பிடிபடும். 2004-இல் லிண்ட்சே ஓக்ஸ் என்ற ஆய்வாளரின் குழு பாகிஸ்தானில் செத்துக் கிடந்த கழுகுகளை அறுத்துப் பார்த்து, டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்துதான் காரணம் என்று காட்டியது. மருந்து ஏறிய மாட்டின் இறைச்சியைத் தின்ற பறவைக்குச் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினதுபோல் படிந்துவிடும். கழுகுகள் கூட்டமாக உட்கார்ந்து தின்னும். அதனால் நூறு பிணத்தில் ஒன்றில்கூட மருந்து இருக்க வேண்டியதில்லை, அதற்கும் குறைவாக இருந்தாலே இனம் சரிந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது.

2006-இல் கால்நடைக்கு டைக்ளோஃபினாக் நின்றது. உடனே மனிதருக்கான பெரிய பாட்டில்கள் தொழுவத்துக்கு வந்தன. 2015-இல் அதையும் ஒரு வேளைக்கான சின்ன ஆம்பூலாகச் சுருக்கினார்கள். அப்புறம் அசிக்ளோஃபினாக் வந்தது. அது மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது, அண்ணனை விரட்டினால் தம்பி வந்து நின்ற கதைதான். 2023-இல் அதுவும் கேட்டோபுரோஃபெனும் போயின, 2024 டிசம்பர் கடைசியில் நிமிசுலைடு. ஃபுளூனிக்சின் என்ற இன்னொரு வலி மருந்துக்குத் தேசிய அளவில் தடை வருகிறதா என்று நான் காத்திருக்கவில்லை. ஸ்பெயினில் ஒரு கழுகு அதனால் செத்திருக்கிறது. என் பையில் அது கிடையாது.

சரி, பை. மேசை மேல் ஒரு பழைய வேட்டியை விரித்து மொத்தத்தையும் கொட்டுங்கள். தேவையானதை மட்டும் எடுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம், கொட்ட வேண்டும். பையின் அடியில் கிடப்பதுதான் நம்மைக் கவிழ்க்கும். ஒவ்வொரு பாட்டிலிலும் பெரிய எழுத்தை விட்டுவிட்டு அடியில் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். விற்பனைப் பெயருக்குப் பின்னால் 'பிளஸ்' என்று வால் ஒட்டியிருந்தால் இரண்டு முறை படியுங்கள். பாராசிட்டமால் போலஸ் (மாட்டுக்கான பெரிய மாத்திரை) என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் நிமிசுலைடும் சேர்ந்திருக்கும். மெலாக்சிகம் என்று வாங்கினதிலும் கூட இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது, லேபிளைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் ஸ்கூட்டியின் சீட்டுக்கடியில். அப்புறம் மருந்தக அலமாரி, குளிர்பெட்டி, மருந்துப் பிரதிநிதி கொடுத்துவிட்டுப் போன மாதிரிகள் கிடக்கும் மேசை இழுப்பறை. தடைப்பட்டது அரசு இருப்பில் இருந்தால் இருப்புப் பதிவேட்டில் தேதி போட்டுத் தனியாக எழுதி, பெட்டியில் வைத்து ஒட்டி, மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். சொந்தமாக வாங்கியது என்றால் மொத்த விற்பனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். குப்பையில் போடாதீர்கள். நாம் போட்டதை எடுத்து ஊருக்குள் ஊசி போட ஆள் இருக்கிறது.

இப்போது பையில் மிஞ்சுவது இரண்டு: மெலாக்சிகம், டோல்ஃபினமிக் அமிலம். கழுகுகளுக்கே கொடுத்துப் பார்த்து, பாதகமில்லை என்று தெரிந்துகொண்ட மருந்துகள் இவை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். "மெலாக்சிகம் கேக்கறதில்ல" என்று நம்மவர்களே நிறையப் பேர் சொல்கிறார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்த்தேன். மார்புச் சுற்றளவு 64 அங்குலம், தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளம் 54. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். 335 கிலோ வந்தது. கண்ணால் பார்த்து 250 என்று நினைத்திருந்தேன். கிலோவுக்கு 0.5 மி.கி. என்றால் அந்த மாட்டுக்கு 167 மி.கி. வேண்டும். மில்லிக்கு 5 மி.கி. உள்ள பாட்டிலில் அது 33 மில்லி. நான் போட்டுக்கொண்டிருந்தது 15. பாதி மருந்தைக் கொடுத்துவிட்டு மருந்தைக் குறை சொல்லியிருக்கிறேன்.

ஆகவே டேப்பைப் பையில் போடுங்கள், தையல் கடை டேப்பே போதும், மார்புச் சுற்றுக்கு எட்டாவிட்டால் கயிற்றால் அளந்து டேப்பில் வையுங்கள். மில்லிக்கு 20 மி.கி. உள்ள மெலாக்சிகம் கிடைத்தால் அதை வாங்குங்கள், அதே மாட்டுக்கு எட்டரை மில்லிக்குள் முடியும். இல்லையென்றால் பிரித்துப் போடுங்கள், தசையில் ஒரே இடத்தில் 15 மில்லிக்கு மேல் நான் இறக்குவதில்லை. இரண்டு அடர்த்தியையும் ஒரே பையில் வைக்க வேண்டியிருந்தால் 20 உள்ளதன் கழுத்தில் சிவப்பு ரப்பர் பேண்ட் சுற்றி வையுங்கள், இருட்டில் கைக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு முறை போதும், காலையும் மாலையும் வேண்டாம். டோல்ஃபினமிக் அமிலம் தசையில் கிலோவுக்கு 2 மி.கி., தேவைப்பட்டால் 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை. மடிநோயோடு காய்ச்சல் அடிக்கும் மாட்டுக்கு அது எனக்கு நன்றாகக் கைகொடுக்கிறது. பால், இறைச்சிக்கு எத்தனை நாள் விட வேண்டும் என்பது பாட்டிலுக்குப் பாட்டில் வேறு, லேபிளில் இருப்பதை மாட்டுக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கழிச்சலில் கண் குழிவிழுந்து கிடக்கும் கன்றுக்கு எந்த வலி மருந்தையும் கையில் எடுப்பதற்கு முன்னால் நீர் ஏற்றுங்கள், வற்றிய உடம்பில் சிறுநீரகம்தான் முதலில் அடிபடும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் வலி மருந்தையும் ஒரே சிரிஞ்சில் உறிஞ்சுகிற பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். படுத்துவிட்ட மாட்டுக்குக் கால்சியமும் மெத்தென்ற படுக்கையும் பக்கம் மாற்றுவதும்தான் வைத்தியம், வலி ஊசி துணைக்குத்தான். அந்த அக்டோபர் மாட்டை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

மாட்டுக்காரரிடம் பேசுவது தனி வேலை. "ஏனுங்க மேடம், போன தடவ போட்ட ஊசி அரை மணி நேரத்துல காய்ச்சல எறக்குச்சுங்களே" என்பார்கள். சட்டம், பிரிவு என்று ஆரம்பிக்காதீர்கள், கேட்க மாட்டார்கள். அறுபது வயதுக்கு மேல் உள்ளவர் யாராவது தொழுவத்தில் இருந்தால் அவரிடம் கேளுங்கள்: "முன்ன மாடு செத்தா எத்தன கழுகு வந்து எறங்கும்?" அவரே மீதியைப் பேசிவிடுவார். இளைஞர்களுக்கு வேறு கணக்கு. பிணத்தைத் தின்று தீர்க்கக் கழுகு இல்லாவிட்டால் நாய் பெருகும் என்று சொன்னால் ஆடு வளர்க்கிறவர் உடனே நிமிர்ந்து உட்காருவார்.

வலி ஊசி போட்ட மாடு ஒரு வாரத்துக்குள் செத்தால் புதைக்கச் சொல்லுங்கள். போடும்போதே சொல்ல வேண்டும், செத்த பிறகு சொன்னால் டிராக்டர் முந்திக்கொள்ளும். ஆறடிக் குழி, சுண்ணாம்பு. திடீர் சாவு, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருரத்தம் என்றால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) சந்தேகம். அதை அறுக்கவும் கூடாது, இழுத்துப் போகவும் கூடாது, உடனே நமக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

நோட்டில் எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. காதுவில்லையின் 12 இலக்க எண், மருந்தின் வேதிப்பெயர், அளவு, தேதி. விற்பனைப் பெயர் வேண்டாம். "வலி ஊசி 15 மில்லி" என்று நான் எழுதியிருந்த பக்கத்தை வைத்துக்கொண்டு அன்று என்னால் எதையுமே கண்டுபிடிக்க முடியவில்லை, பாட்டில்தான் காட்டிக்கொடுத்தது.

நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கும் இதே வழிதான். 2019-இல் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் நின்றபோது கோழித் தீவனக் கலவைகளின் சின்ன எழுத்தைத்தான் படிக்க வேண்டியிருந்தது. 2025-இல் குளோரம்ஃபெனிக்கால், நைட்ரோஃபியூரான் வந்தபோதும் வேட்டியை விரித்தேன். இருபது நிமிடத்தில் முடிந்தது.

நிமிசுலைடு அறிவிக்கை வந்த வாரம் என் பை, ஸ்கூட்டி, அலமாரி எல்லாம் சுத்தம். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் பராமரிப்பு உதவியாளர் அண்ணன் டீ வாங்கப் போயிருந்தபோது அவர் சைக்கிளில் மாட்டியிருந்த மஞ்சள் பையைப் பார்த்தேன். வந்ததும் "அண்ணா, அதையும் கொட்டிப் பாத்துடலாமா?" என்றேன். "அதுல என்னங் மேடம் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே கொட்டினார். சினை ஊசி உறை, வெற்றிலைப் பொட்டலம், கயிறு, நான்கு நிமிசுலைடு போலஸ்.