விலை உயர்ந்த ஐ.இ.எம். கையில் கிடைத்தால் எப்படிக் கேட்பது? உறுமி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு செய்முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுனில் இருப்பவர்களுக்கு ஐயாயிரம் வெள்ளிக்கு மேல் விலை போகும் ஐ.இ.எம். இயர்போன் கிடைப்பது இரண்டு வழியில்தான். இ.டி.எஸ். ரயிலேறிக் கோலாலம்பூர் கடையில் உட்கார்ந்து கேட்கலாம். இல்லையென்றால், பட்டணத்தில் வேலை பார்க்கும் அண்ணன் யாராவது தீபாவளி லீவுக்கு வரும்போது இரவல் வாங்கலாம். எப்படியானாலும் நேரம் குறைவு. அதற்குள் எதைக் கேட்பது, கேட்டதை எப்படி எழுதி வைப்பது என்று பார்ப்போம்.

ஐ.இ.எம். என்பது மேடையில் பாடுகிறவர்கள் காதுக்குள் செருகிக்கொள்வார்களே, அந்த வகை இயர்போன். கேட்பதற்கு முன் அதைப் பற்றிய விமர்சனம் எதையும் படிக்காதீர்கள். படித்தால் படித்ததுதான் காதில் விழும்.

முதல் படி: காதில் உட்கார வைப்பது

பெட்டியில் சிலிக்கோன் டிப் (காதுக்குள் போகும் மென்மையான முனை) பல அளவுகளில் இருக்கும். ஒரு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் மெதுவாகச் செருகுங்கள். கேபிள் காதுக்கு மேலே சுற்றி வர வேண்டும். இப்போது பேஸ் (கனத்த கீழ் ஒலி) நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டு, இரண்டு பக்கமும் விரலால் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் பேஸ் கூடினால் காற்று கசிகிறது என்று அர்த்தம். டிப்பை மாற்றுங்கள். இடது காதுக்கு ஓர் அளவு, வலது காதுக்கு வேறோர் அளவு என்று அமைவது சகஜம்.

"பேஸே இல்லை" என்ற புகாரில் பெரும்பகுதி இந்தக் கசிவால் வருவதுதான். செருகும் ஆழம் மாறினால் ட்ரெபிளும் (கூர்மையான மேல் ஒலியும்) மாறும். அதனால் ஒவ்வொரு தடவையும் அதே ஆழத்துக்குச் செருகப் பாருங்கள்.

இரண்டாம் படி: எதில் மாட்டுவது

இதில் ரொம்ப நேரம் போக வேண்டாம். நல்ல டாங்கிள் (போனுக்கும் இயர்போனுக்கும் நடுவில் மாட்டும் சின்னக் கருவி) ஒன்று போனில் மாட்டினால் போதும். ஒரே ஒரு கணக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். டாங்கிளின் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஓம் கணக்கில் சொல்லும் மின்தடை), ஐ.இ.எம்.-இன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 16 ஓம் என்றால் 2 ஓம். பேலன்ஸ்ட் ஆர்மேச்சர் என்ற வகை டிரைவர்கள் (உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்கள்) பல வைத்த ஐ.இ.எம்.-களில் இம்பீடன்ஸ் அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். டாங்கிளின் இம்பீடன்ஸ் அதிகமானால் பேஸ், ட்ரெபிள் அளவே மாறிப்போகும். ஆயிரம் வெள்ளி கேபிள் போட்டால் சத்தம் மாறும் என்று யாராவது சொன்னால், தலையாட்டிவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

மூன்றாம் படி: சத்தத்தைச் சமமாக்குவது

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், பலர் தாவிவிடுவதும் இதைத்தான். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குப் பேஸ் சரியாக எட்டாது. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். ஆகவே இரண்டு ஐ.இ.எம்.-களை ஒப்பிடும்போது கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதுதான் "தெளிவாக, நிறைவாக" இருக்கிற மாதிரி தோன்றும். அதற்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் தினமும் போடும் நூறு வெள்ளி இயர்போனை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் குரல் மட்டும் வரும் ஓர் இடத்தை மாற்றி மாற்றிக் கேட்டு, இரண்டிலும் குரல் ஒரே அளவில் வரும்வரை வால்யூமைத் திருத்துங்கள். அந்த இரண்டு அளவுகளையும் எழுதி வையுங்கள். திருவிழா ஸ்பீக்கர் அளவுக்கு ஏற்ற வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான்.

நான்காம் படி: நமக்குத் தெரிந்த வாத்தியத்தைப் போடுவது

ஆடியோ பிரியர்கள் வழக்கமாகப் போடும் ஜாஸ் பாட்டுகளை விட்டுவிடுங்கள். நேரில் கேட்காத வாத்தியத்தின் ஒலி சரியா தவறா என்று எப்படிச் சொல்வது? நமக்கு உறுமி தெரியும். தைப்பூசத்திலும் கோயில் திருவிழாவிலும் கைநீட்டினால் தொடும் தூரத்தில் நின்று கேட்டிருக்கிறோம். நாதஸ்வரமும் தவிலும் தெரியும். இவைதான் நம் அளவுகோல்.

உறுமியில் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மறுபக்கத்தை அடிப்பார்கள். தேய்ப்பில் வரும் முனகல் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போக வேண்டும், நடுவில் எங்கும் தேயக்கூடாது. அடி சுள்ளென்று தனியாக விழ வேண்டும். முனகலும் அடியும் ஒன்றோடொன்று கலந்து குழைந்தால் பேஸ் மிஞ்சிவிட்டது. அடி மட்டும் பளிச்சென்று வந்து முனகல் மெலிந்தால் பேஸ் போதவில்லை.

அப்புறம் நாதஸ்வரம். நம் காதுக் குழாயே 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைத் தானாகக் கூட்டிக் கொடுக்கும். ஐ.இ.எம். செருகினால் அந்த இயற்கை அமைப்பு கெடுவதால், தயாரிப்பாளர் அந்த இடத்தைத் தானே உயர்த்தி வைக்க வேண்டியிருக்கிறது. அளவுக்கு மீறி உயர்த்தினால் நாதஸ்வரம் ஒரு நிமிடத்தில் காதைக் குடைந்துவிடும். போதாவிட்டால் வாசிக்கிறவர் கோயில் மதிலுக்கு வெளியே போய் நின்ற மாதிரி இருக்கும்.

பெண் குரலுக்கு "ச", "ஸ" அதிகம் வரும் பாட்டாகப் பாருங்கள். குத்தினால் குறித்துக்கொள்ளுங்கள். பழைய மோனோ பதிவு (இரண்டு காதிலும் ஒரே ஒலி வருவது) ஒன்றும் போடுங்கள். குரல் தலைக்கு நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் முதலில் டிப்பைப் பாருங்கள், பிறகு இடது வலது மாற்றிச் செருகிப் பாருங்கள். அப்போது சாய்வும் பக்கம் மாறினால் கோளாறு ஐ.இ.எம்.-இலோ, டாங்கிளிலோ, பாட்டிலோ. மாறாவிட்டால் உங்கள் காதில். பழைய பதிவில் வரும் உஸ்ஸென்ற இரைச்சலுக்கு ஐ.இ.எம்.-ஐத் திட்டாதீர்கள், அது டேப்பில் இருந்தது.

ஐந்தாம் படி: எழுதுவது

"அபாரம்", "வேற லெவல்" எல்லாம் குறிப்பு ஆகாது. எந்தப் பாட்டு, எந்த இடம், என்ன கேட்டது என்று எழுதுங்கள். இப்படி:

"ஆண் குரல், இரண்டாவது சரணம். குரல் முன்னால். பின்னால் வீணை தனியாகக் கேட்கிறது. மிருதங்கத்தின் இடந்தலை கும்மென்று வந்து சட்டென்று நிற்கிறது. 'ச' வரும் இடமெல்லாம் லேசாகக் குத்துகிறது."

டிரைவர் எத்தனை என்று பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். 64 ஆடியோ என்ற கம்பெனியின் யு12டி-யில் ஒரு பக்கத்துக்கு 12 பேலன்ஸ்ட் ஆர்மேச்சர். சென்ஹைசர் 2021-இல் வெளியிட்ட ஐ.இ.900-இல் 7 மில்லிமீட்டர் டிரைவர் ஒன்றே ஒன்று. இரண்டையும் உச்சத் தரம் என்று கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அரை மணி நேரம் கேட்டதும் காது அந்த ஒலிக்குப் பழகிவிடும், முதலில் குத்தியது பிறகு தெரியாது. அதனால் அவ்வப்போது உங்கள் பழைய இயர்போனுக்குத் திரும்பி, ஒரு பாட்டு கேட்டுவிட்டு வாருங்கள். இரவல் வாங்கியது என்றால் மறுநாள் காலையில், முதல் குறிப்பைப் பார்க்காமல், அதே பாட்டுகளுக்கு இன்னொரு குறிப்பு எழுதுங்கள். இரண்டிலும் இருக்கும் வரிகளை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள்.