சவ்தா வீட்டுப் பாத்தியும் முப்பது சென்டிமீட்டர் குச்சியும்

இஸ்ரேலில் பெத்தா திக்வா என்ற ஊரில் ஒரு தரைத்தள வீட்டில் வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன். பேரப்பிள்ளைகள் கூப்பிடுவது போல நானும் அவரைச் சவ்தா என்றுதான் கூப்பிடுகிறேன். எபிரேயத்தில் பாட்டி என்று பொருள். வீட்டுக்குப் பின்னால் சின்ன மண்தரை உண்டு. வந்த முதல் குளிர்காலத்தில், நாகர்கோவிலில் அம்மா கொல்லையில் போடுவது போல, கொத்தமல்லி, முள்ளங்கி, கீரை விதைகளை ஒன்றாகக் கலந்து தூவிவிட்டேன். முளைத்து இரண்டு இலை விட்டதும் சவ்தா ஜன்னலிலிருந்து பார்த்தார். கோபப்படவில்லை. ஆனால் முகம் வாடிவிட்டது. "மகளே, இதை இப்படியே விட எனக்கு அனுமதி இல்லை" என்றார். அன்று மாலை நானே உட்கார்ந்து முள்ளங்கியையும் கீரையையும் பிடுங்கினேன்.

இங்கே மதப்பற்றுள்ள யூதர் வீடுகளில் கேர்கிவராக இருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் செடி வைக்க ஆசைப்படுவார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சவ்தாவைத் தடுத்த யூத மதச் சட்டத்துக்குப் பெயர் கிலாயிம். யூதர்களின் வேத நூலான தோராவில், லேவியராகமம் 19:19-இல், உன் வயலில் இரண்டு வகை விதைகளைக் கலந்து விதைக்காதே என்று இருக்கிறது. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இதற்கென்றே ஒன்பது அதிகாரம் கொண்ட ஒரு பகுதி உண்டு. காய்கறி, தானியம் கலக்கும் தடை இஸ்ரேல் மண்ணுக்கு மட்டும். வெளிநாட்டில் இருக்கும் யூதர் தக்காளிப் பக்கத்தில் வெங்காயம் வைத்தால் தவறில்லை. இங்கே, விதைத்தது யாராக இருந்தாலும், கலந்து முளைத்ததைத் தன் நிலத்தில் வளரவிடுவதே வீட்டுக்காரருக்குத் தடை. சவ்தா சொன்னது அதைத்தான்.

சரி, எப்படி நடுவது? முதலில் அளவு. அவர்கள் கணக்கு தெஃபாக். நம் சாண் இல்லை, அதைவிடச் சின்னது: நாலு பெருவிரலைப் பக்கம் பக்கமாக வைத்தால் வரும் அகலம். ஒரு தெஃபாக் 8 செ.மீ. என்பார் ஒருவர், 9.6 என்பார் இன்னொருவர். ஒரு விதை பக்கவாட்டில் ஒன்றரை தெஃபாக் தூரம் மண்ணிலிருந்து உறிஞ்சும் என்பது, மிஷ்னாவை விளக்கும் நூலான தல்மூதின் கணக்கு. இந்தப் பக்கம் ஒன்றரை, அந்தப் பக்கம் ஒன்றரை, மொத்தம் மூன்று. பெரிய அளவை எடுத்தாலும் 29 செ.மீ.க்குள் அடங்கிவிடும். அதனால் துடைப்பக் கட்டையில் 30 செ.மீ. நறுக்கி வைத்திருக்கிறேன். வேறு வேறு காய்கறிச் செடிகளுக்கு நடுவே அந்தக் குச்சி படுக்க இடம் வேண்டும். சில இடங்களில் குறைந்த இடைவெளியும் போதும் என்பார்கள். 30 விட்டால் அந்த வாதத்துக்கே வேலையில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மிஷ்னா சொல்லும் சின்னப் பாத்தி. ஆறுக்கு ஆறு தெஃபாக் சதுரத்தில் ஐந்து வகை விதைக்கலாம்: நாலு பக்கத்தில் நாலு, நடுவில் ஒன்று. நான் 60 செ.மீ. சதுரம் கட்டி, நட்ட நடுவில் ஒரே ஒரு தக்காளி நாற்று வைத்தேன். ஒரு பக்கத்தில் குஸ்பரா, அதாவது கொத்தமல்லி. மற்ற மூன்றில் நானா என்கிற புதினா, முள்ளங்கி, பார்ஸ்லி. நாலு பக்கத்திலும் போடும் வரிசைகளை விளிம்பு முழுக்க இழுக்காதீர்கள். விளிம்பின் நடுவில் 15 செ.மீ. நீளத்துக்கு மட்டும் போட்டு, மூலைகளை வெறுமையாக விடுங்கள். அப்போது எந்த இரண்டு வகைக்கும் நடுவில் குச்சி படுக்கும். புதினா வேர் ஓடிக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை விரலை விட்டு இழுத்து நறுக்குகிறேன்.

எது ஒரே வகை, எது வேறு வகை என்பதைப் பார்வையை வைத்து முடிவுசெய்ய முடியாது. லெட்யூஸும் காட்டு லெட்யூஸும், கொத்தமல்லியும் வயல் கொத்தமல்லியும் மிஷ்னாப்படி சேரலாம். பார்க்க ஒன்றுபோல இருந்தும் சேரக் கூடாத ஜோடிகளையும் அதே பகுதி சொல்கிறது. சந்தேகம் வந்தால் குச்சியை எடுங்கள், இல்லையென்றால் வீட்டில் கேளுங்கள். சாப்பிடாத பூச்செடிகளுக்கு இந்தக் கவலை இல்லை. மரத்தடியிலும் பயமில்லை: எலுமிச்சைக்கு அடியில் கீரை போடலாம், மரத்துக்குப் பக்கத்தில் வேறு மரம் வைக்கலாம். ஆனால் ஒரு வகை மரத்தில் இன்னொரு வகையை ஒட்டுக்கட்டுவது கூடாது. அந்தத் தடை எல்லா நாட்டிலும் உண்டு.

அடியில் ஓட்டை உள்ள பூந்தொட்டியும் நிலம் மாதிரிதான். ஒரு தொட்டிக்கு ஒரு வகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிகுந்த கவனம் வேண்டியது திராட்சைக்கு. காய்கறி கலந்துவிட்டால் பிடுங்கிப் பிரித்துவிடலாம், விளைந்ததைச் சாப்பிடவும் தடையில்லை. திராட்சையோடு தானியமோ காய்கறியோ கலந்து வளர்ந்தால் இரண்டையுமே சாப்பிட முடியாது, விற்கவும் முடியாது, எரிக்க வேண்டும். தனிக் கொடி என்றால் ஆறு தெஃபாக், அதாவது 60 செ.மீ. தள்ளி நடுங்கள். கொடி படரும் பந்தலுக்கு அடியிலும் எதுவும் விதைக்காதீர்கள். ஐந்து கொடி முறையாக வரிசை கட்டி நின்றால் அது திராட்சைத் தோட்டம். நாலு முழம், 2.3 மீட்டர் விடவேண்டும். இடம் இல்லாவிட்டால் நடுவில் பத்து தெஃபாக் உயரத் தடுப்பு வைக்கலாம். ஒரு மீட்டர் பலகை போதும். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கொடி இருக்கிறது. அந்த ஓரத்தில் நான் எதுவுமே போடுவதில்லை.

அப்புறம், தானாக முளைப்பவை. கழுவின தண்ணீரோடு போன தக்காளி விதை வேறொரு செடியின் காலடியில் முளைக்கும். அதையும் விட்டுவைக்கக் கூடாது. ஒரு பயிரை எடுத்து அதே இடத்தில் இன்னொன்று போடும்போதும் பழைய வேரை முழுதாக எடுத்த பிறகே விதையுங்கள்.

எருசலேமில் யூதர்களின் கோயில் இருந்த காலத்தில், யூத நாட்காட்டியின் ஆதார் மாதம் முதல் தேதி கிலாயிம் பற்றி ஊருக்கு அறிவிப்பார்களாம். பதினைந்தாம் தேதி ஆட்கள் வயல் வயலாகப் பார்க்க வருவார்கள். முதலில் பிடுங்கி உரிமையாளர் முன்னாலேயே போட்டார்கள். மீறுபவர்கள் பெருகியதும் வழியில் வீசினார்கள். கடைசியில் வயல் முழுவதையும் உரிமையற்றதாக்கினார்கள். சவ்தாவின் பேரன் மிஷ்னாவிலிருந்து இதை வாசித்துக் காட்டியபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆதார் நம் மாசி, பங்குனி சமயம். முளைகள் அப்போது கண்ணுக்குத் தெரியும்.

இந்த ஆண்டு ஆதார் பிறந்த அன்று சவ்தாவின் சக்கர நாற்காலியைப் பாத்தி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். குச்சியை அவரே வாங்கி, குனிந்து, தக்காளிக்கும் கொத்தமல்லிக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார். இரண்டு விரல் மிச்சம் இருந்தது.