கையால் சுற்றும் பழைய எந்திரத்தில் மக்காச்சோளம் உதிர்க்கும் முறை

பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக் களத்தில், தை பிறந்து பனி விலகத் தொடங்கியதும், காப்பிக்கொட்டை காயும் பாய்களுக்கு அருகிலேயே மக்காச்சோளக் கதிர்களையும் பரப்பிவைப்பார்கள். அவற்றை உதிர்ப்பதற்கு எங்களிடம் கையால் சுற்றும் வார்ப்பிரும்பு எந்திரம் ஒன்று இருந்தது. அதை இயக்கக் கற்றுக்கொடுத்தவர் என் அப்பத்தா. அப்படிப்பட்ட பழைய எந்திரம் ஒன்று உங்கள் கைக்கு வந்திருந்தால், அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அவர் சொல்லித்தந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை உலர்த்துவது. இதில் அவசரப்பட்டால் பின்னால் வரும் எந்தத் திறமையும் உதவாது. அறுவடையின்போது மணியில் 25 விழுக்காட்டுக்கு மேலும் ஈரம் இருக்கக்கூடும். உதிர்ப்பதற்கு அது 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். சமவெளியில் சில நாள் வெயில் செய்துவிடும் இந்த வேலைக்கு, பிற்பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும் மலையில் வாரக்கணக்கில் ஆகும். அதனால் மாலையானதும் கதிர்களைக் கூட்டிக் குவித்துத் தார்ப்பாயால் மூடி, மறுநாள் வெயில் ஏறிய பிறகே மீண்டும் பரப்ப வேண்டும். மேல்மட்டையை உரித்துப் பின்னுக்குத் தள்ளி, அந்த மட்டைகளையே ஒன்றோடொன்று பின்னி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடும் வழக்கமும் எங்களிடம் இருந்தது. புகையும் சூடும் ஈரத்தை வாங்கிக்கொள்வதோடு, வண்டையும் அண்டவிடாது.

காய்ந்துவிட்டதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் சிறிது தூளுப்பைப் போட்டு, மூன்றில் ஒரு பங்குக்கு மணிகளை நிரப்பி, மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கிச் சிறிது நேரம் வைத்திருங்கள். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது என்று பொருள். மலைக்காற்றில் உப்பே நீர்த்துப்போகும் என்பதால், அதை முதலில் வாணலியில் வறுத்து ஆறவைத்துக்கொள்வது நல்லது.

ஓர் ஆண்டு, மழை வந்துவிடும் என்ற அச்சத்தில் நாங்கள் பச்சைக் கதிர்களையே எந்திரத்தில் விட்டோம். மணிகள் நசுங்கின, மணிகள் பதிந்திருக்கும் நடுத்தண்டான சக்கை பிய்ந்து எந்திரத்தின் பற்களுக்கிடையே சிக்கியது, மூட்டை கட்டிய தானியத்தில் சில வாரங்களிலேயே பூஞ்சாணம் பிடித்தது. பூஞ்சாணம் பிடித்த மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உருவாகக்கூடும். சமைத்தாலும் அது முழுமையாக நீங்காது என்பதால், அதை மனிதருக்கும் கோழிக்கும் மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது. அந்தப் பருவத்து உழைப்பு அத்தனையையும் குழிதோண்டிக் கொட்டிய நாளில் அப்பத்தா யாரிடமும் பேசவில்லை.

அடுத்து, எந்திரத்தைப் பொருத்துங்கள். காப்பிப்பழத் தோலை நீக்கும் கைச்சுற்று பல்பரைப் பார்த்திருப்பவர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் புரியும். கைப்பிடியைச் சுற்றினால் முள் முள்ளாகப் பற்கள் வார்த்த வட்டத்தகடு சுழலும். அதற்கு எதிரே வில்கம்பி அழுத்தத்தில் நிற்கும் இரும்புத் தகடு கதிரைப் பற்களோடு சேர்த்துப் பிடிக்கும். பக்கத்திலுள்ள கனத்த சக்கரம் ஓட்டத்தைச் சீராக வைத்திருக்கும். கனமான மரப்பெட்டியின் விளிம்பில் இதை ஆடாமல் முடுக்குங்கள். தூக்கும்போது கீழே போட்டுவிடாதீர்கள், வார்ப்பிரும்பு வளையாது, உடையும். தண்டு சுழலும் இடங்களில் சில துளி தேங்காயெண்ணெய் விடுங்கள். அது தானியத்தில் பட்டாலும் கேடில்லை.

இனி உதிர்க்கலாம். விதைக்காக எடுத்துவைக்கும் நாட்டுரகக் கதிர்களை மட்டும் எந்திரத்தில் விடாமல், நுனி மணிகளையும் அடி மணிகளையும் நீக்கிவிட்டு, நடுப்பகுதி மணிகளைக் கையால் உதிர்த்துத் தனியே வையுங்கள். (அப்போது மணி வரிசைகளை எண்ணிப் பாருங்கள்: பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு என்று இரட்டைப்படையாகவே வரும். பிள்ளைகளாக இருந்தபோது எங்களுக்கு அது பெரும் வியப்பு.) மற்றக் கதிர்களை ஒவ்வொன்றாக, கூர்நுனி கீழ்நோக்கி இருக்குமாறு எந்திரத்தின் வாயில் விட்டு, கைப்பிடியை ஒரே சீராகச் சுற்றுங்கள். புதியவர்கள் எல்லோரும் கதிரை மேலிருந்து அழுத்துவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். "அமுக்காதே சாமி, அது தானா இழுத்துக்கிடும்" என்று அப்பத்தா என் கையை விலக்கிவிடுவார். பற்கள் பிடித்தவுடன் கதிர் சுழன்றபடி உள்ளே இறங்கும். மணிகள் பெட்டிக்குள் கொட்ட, சக்கை வெளியே வந்து விழும். விரலை ஒருபோதும் வாய்க்குள் விடாதீர்கள், கைப்பிடியை விட்ட பிறகும் அந்தச் சக்கரம் சில சுற்றுகள் ஓடும். முந்தானையையும் கூந்தலையும் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

சக்கையில் மணிகள் தங்கினால் வில்கம்பியின் மரையைச் சற்று முடுக்குங்கள். மணிகள் உடைந்தாலோ சக்கை முறிந்தாலோ தளர்த்துங்கள். அரைச்சுற்று போதும், திருத்திய பின் இரண்டு மூன்று கதிர்களை விட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். நன்கு காய்ந்த கதிர் 100 கிலோவுக்கு ஏறத்தாழ 80 கிலோ மணி கிடைக்கும்.

உதிர்த்ததை முறத்தில் புடைத்து, உடைந்த மணிகளைக் கோழிக்கு ஒதுக்கி, மீதியை இன்னும் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகே சாக்கில் கட்டுங்கள். சாக்கைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். சக்கையைச் சேர்த்துவைத்தால் மழைக்காலத்துக்கு அடுப்பெரிக்க உதவும். கடைசியாக, பற்களில் ஒட்டிய உமியைப் பழைய தூரிகையால் தட்டியெடுத்து, எந்திரம் முழுவதும் எண்ணெய்த் துணியால் துடைத்து, சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுங்கள்.