போர்ட்ரெய்ட் எடுப்பவர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கும் தவறுகள்

ஒரு நல்ல போர்ட்ரெய்ட்டை, அதாவது ஒருவரின் முகத்தை முதன்மையாகக் காட்டும் படத்தைப் பார்த்ததும் சக புகைப்படக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன செட்டிங்?" எஃப் 1.8 (லென்ஸின் திறப்பு; எண் கூடினால் திறப்பு சுருங்கும்), 1/250 (ஷட்டர் வேகம்), ஐஎஸ்ஓ 200 (ஒளியுணர்வு) என்று பதில் வரும். கேட்டவர் குறித்துக்கொண்டு போய்விடுவார். அந்த எண்களால் அவருக்குக் காலணாப் பயனில்லை. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தீர்கள், எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டிருந்தால் ஏதாவது கிடைத்திருக்கும்.

இந்தத் தொழிலில் பெரும்பாலோர் கல்லூரியில் படித்து வந்தவர்கள் அல்லர். ஸ்டுடியோவில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, கல்யாண வீட்டில் லைட் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கேமராக் குழுக்களோடு ஊர் சுற்றிக் கற்றவர்கள். அதில் குறையொன்றுமில்லை. ஆனால் நல்ல பழக்கம் தொற்றும் அதே வேகத்தில் கெட்ட பழக்கமும் தொற்றுகிறது. "எல்லாரும் இப்படித்தானே செய்கிறார்கள்" என்ற தெம்பும் கூடவே வந்துவிடுகிறது. கீழே வரும் தவறுகளில் பாதி அப்படிப் பரவியவைதான்.

லென்ஸும் தூரமும்

பின்னணி எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு நல்ல படம் என்ற நம்பிக்கையிலிருந்து தொடங்கலாம். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 85 எம்எம் லென்ஸை எஃப் 1.8-ல் திறந்து, இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், படத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர். அதாவது, கண்ணுக்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று. நேராகப் பார்க்கும் முகத்துக்கு அது போதும். அவர் பாதி திரும்பினாலே தூரத்துக் கண் மங்கிவிடும். தம்பதியரை நிறுத்தி எடுக்கும்போது ஒருவர் அரை அடி பின்னால் நின்றால், ஆல்பத்தில் அவர் யாரோ ஒருவராகத்தான் இருப்பார். எஃப் 4-க்குப் போனால் அந்த ஆழம் சுமார் 13 சென்டிமீட்டர் ஆகிறது. ஒரே ஆள் என்றால் கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். இரண்டு பேர் என்றால் இருவர் முகத்தையும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் நிறுத்துங்கள். இதற்குப் புது லென்ஸ் எதுவும் வேண்டாம்.

லென்ஸ் வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முகத்தின் அமைப்பை மாற்றுவது லென்ஸ் அல்ல, தூரம். அரை மீட்டரில் நின்று எடுத்தால் எந்த லென்ஸாக இருந்தாலும் மூக்கு பெருக்கும், காது பின்னால் போகும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் நாம் நேரில் பழகிய முகம் வரும். சாதாரண 50 எம்எம் லென்ஸை ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவில் மாட்டினால் அது 75 அல்லது 80 எம்எம் போலத்தான் வேலை செய்கிறது. நண்பர் 85 வாங்கிவிட்டார் என்பதற்காகத் தவணைக் கடனில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

வெளியூர் வெளிச்சம்

ஐரோப்பிய, அமெரிக்கப் பாடங்களை அப்படியே எடுத்துக்கொள்வது நம் ஊரில் பரவலாக இருக்கும் தவறு. "வடக்குப் பார்த்த ஜன்னல் என்றால் நேர் வெயிலே வராது, நாள் முழுக்க மென்மையான வெளிச்சம்" என்பது அங்கே பெரும்பாலும் சரி. சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் இங்கே தலை உச்சிக்குச் சற்று வடக்கேதான் போகிறது. அந்த மாதங்களில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் வெயில் நேராகவே விழும். ஸ்டுடியோவுக்கு இடம் பார்க்கிறவர்கள் திசையை மட்டும் கேட்டுவிட்டு முன்பணம் கொடுக்க வேண்டாம். மே மாதத்தில் ஒரு நாள் போய் நின்று பாருங்கள்.

சூரியன் தாழ்வாக இருக்கும்போது கிடைக்கும் பொன் வெயில் நேரமும் அப்படித்தான். மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் அடிவானத்திலிருந்து 6 பாகை உயர லண்டனில் சுமார் 40 நிமிடம் ஆகிறது. சென்னையில் 25 நிமிடத்தில் ஏறிவிடும். காலை ஆறரைக்கு மெரினாவுக்கு வரச் சொல்லி, புடவை சரிசெய்து, காபி குடித்துவிட்டுத் தொடங்கினால், மீதியிருப்பது கண்ணைக் கூச வைக்கும் வெயில்தான். நண்பகலில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு திண்ணையையோ வாசல் நிழலையோ தேடுங்கள். நிழலின் விளிம்பில், வெளியே பார்க்கும்படி உட்கார வைத்தால் கண்குழியில் கருமை விழாது. மரத்தடி வேண்டாம்: இலைகளுக்கிடையே விழும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும், தோலிலும் பச்சை ஏறும். சிவப்புச் சாமியானாவின் கீழ் எடுத்த முகங்களை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது.

உள்ளே எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தோடு டியூப்லைட்டையும் எரியவிடாதீர்கள். கன்னம் ஒரு நிறம், நெற்றி ஒரு நிறம் ஆகிவிடும். மலிவான எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் வந்தால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதை நினைத்துக்கொண்டு ஷட்டரை 1/100-க்கோ 1/50-க்கோ கொண்டுவாருங்கள்.

தோலின் நிறம்

எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் தவறு இதுதான். இதைச் சொன்னால் தொழில்காரர்களே முகம் சுளிப்பார்கள். "கொஞ்சம் கலராகத் தெரிய வேண்டும் சார்" என்று வாடிக்கையாளர் சொல்வதற்கு முன்பே பலர் படத்தில் முகத்தின் நிறத்தை வெளுத்துவிடுகிறார்கள். கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம், கழுத்து இரண்டுக்கும் நடுவே ஒரு நிறம். பெண் பார்க்கக் கொடுக்கும் படம் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதன் வேர் எடிட்டிங்கில் இல்லை, படம் எடுக்கும் நேரத்தில் இருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர், தான் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாகவே எண்ணிக்கொள்ளும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் மாநிறத்தவர் ஒருவர் வெள்ளை வேட்டி சட்டையில் நின்றால், அது அந்த வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்த்து முகத்தை இருட்டாக்கிவிடும். அந்த இருட்டைப் பிறகு கணினியில் ஏற்றினால் தோல் உயிரில்லாத சாம்பல் நிறமாகிறது. அதை மறைக்க வெளுக்கிறார்கள். மீட்டரை ஸ்பாட்டில் (ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் முறையில்) வைத்து முகத்தை அளந்து, தேவையான வெளிச்சத்தை எடுக்கும்போதே கொடுத்துவிட்டால் வெளுக்கத் தேவையே வராது. கறுத்த தோலில் முகத்தின் வடிவம் தெரிவது பளபளப்பான இடங்களால்தான். எனவே சிறிய ஃபிளாஷை நேரே அடிக்காமல், பெரிய சாஃப்ட்பாக்ஸையோ (வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் துணிப்பெட்டி) வெள்ளை வேட்டித் துணியையோ பக்கவாட்டில் வைத்து அகலமாக வெளிச்சம் கொடுங்கள். எண்ணெய் வழிந்தால் கைக்குட்டையால் ஒற்றி எடுக்கலாம். பவுடர் அப்பினால் ஃபிளாஷில் முகம் சாம்பல் பூத்துவிடும்.

இந்தச் சாய்வு நம்மோடு தொடங்கியதும் அல்ல. கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் கூடங்களுக்கு அனுப்பிவந்த 'ஷெர்லி கார்டு' என்ற நிறச் சரிபார்ப்பு அட்டை பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் தோலையே அளவுகோலாக வைத்திருந்தது. பல நிறத்தவரும் சேர்ந்த அட்டை 1990களில்தான் வந்தது.

அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை இன்னொரு கண்ணி. படத்தின் இருட்டு வெளிச்சத்தைக் கேமராவில் வரைபடமாகக் காட்டும் சாதாரண ஹிஸ்டோகிராமில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, நெசவும் மடிப்பும் தெரியாத ஒரே சிவப்பாகிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

எதிரே இருப்பவர்

"சிரியுங்கள்" என்று சொன்னால் பல்தான் தெரியும். பேச்சுக் கொடுத்துவிட்டு, பதில் சொல்லி முடித்த அடுத்த நொடியில் எடுங்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பவருக்குக் கையில் ஏதாவது வேலை கொடுங்கள். கண்ணாடி போட்டவரைக் கழற்றச் சொல்ல வேண்டாம். வீட்டார்க்குத் தெரிந்த முகம் கண்ணாடியோடுதான். லைட்டை மேலே ஏற்றிக் கண்ணாடியின் காம்பைக் காதில் சற்று உயர்த்தி வைத்தால் பிரதிபலிப்பு போய்விடும். நிற்கும் விதத்தைத் தொட்டுத் திருத்தாதீர்கள். நீங்களே நின்று காட்டுங்கள், போதும்.

வயதானவர்கள் கேமரா முன் விறைப்பாக நிற்பார்கள். அதைக் கலைக்க இளைஞர்கள் படாத பாடு படுகிறார்கள். எதற்கு? அவர்கள் காலத்தில் படம் எடுத்துக்கொள்வது ஒரு சடங்கு. அந்த விறைப்பு அவர்கள் காட்டும் மரியாதை. முதலில் அப்படியே சில படங்கள் எடுத்துவிட்டு, பிறகு பேச்சைத் தொடங்கலாம்.

கூட்டமாகப் போகும்போது

காசிமேட்டிலோ மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவிலோ நரைத்த தாடிக்காரர் ஒருவரைப் பத்துக் கேமராக்கள் சூழ்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர்கூட அவரிடம் பேசியிருக்க மாட்டார். பத்துப் பேர் எடுத்ததும் ஒரே படம். அவர் முகத்தில் இருப்பது திகைப்பு மட்டும். குழுவில் ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் நகர்ந்துவிடுவதே முறை. அனுமதி கேட்டு எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள், பிரிண்ட் தருவதாகச் சொன்னால் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மாடல் வைத்து நடத்தும் பயிற்சி முகாம்களில் இடத்தையும் லைட்டையும் உடையையும் வேறொருவர் ஏற்பாடு செய்திருப்பார். நாம் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டு வருவோம். பழகுவதற்கு நல்லதுதான். அந்தப் படங்களை உங்கள் வேலை மாதிரியாக வாடிக்கையாளருக்குக் காட்டினால், அதே தரத்தை அவர் வீட்டு ஹாலில் எதிர்பார்ப்பார். அங்கே உங்களால் கொடுக்க முடியாது.

"அருமை நண்பா" என்று பாராட்டிக்கொள்வதும் யாரையும் முன்னேற்றாது. உண்மையில் கற்க வேண்டுமானால், நண்பரின் சிறந்த படத்தைக் கேட்காதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் எடுத்ததையெல்லாம் வரிசையாகக் காட்டச் சொல்லுங்கள். எந்த இடத்தில் லைட்டை நகர்த்தினார், எந்த இடத்தில் எதிரே இருந்தவரின் தோள் தளர்ந்தது, எப்போது எடுப்பதை நிறுத்தினார் என்பதெல்லாம் அந்த வரிசையில் இருக்கிறது. குறை சொல்வதையும் அப்போதே வைத்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளர் எதிரில் வேண்டாம்.

ஒருவருக்கொருவர் கல்யாண வேலைகளுக்குத் துணைக்குப் போகிறவர்கள் தொடங்குமுன் இரு கேமராக்களின் கடிகாரத்தையும் ஒன்றாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை அழைப்பு வரும். யார் எந்தப் படத்தை வெளியிடலாம் என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் கட்டணத்துக்கு எடுத்த புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே. பொத்தானை அழுத்தியவருக்கே எல்லா உரிமையும் என்று குழுவில் யாராவது அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். முன்பணம் வாங்கும் தாளிலேயே, எந்தப் படங்களை நம் மாதிரித் தொகுப்பில் போடலாம் என்று இரண்டு வரி எழுதி, வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.