சூப்பர்கண்டக்டர் டேப்ல சராசரிய பாக்காதீங்க, மோசமான ஒரு சென்டிமீட்டர தேடுங்க

ரெப்கோ (REBCO, அரிய மண் உலோகம், பேரியம், காப்பர் சேந்த ஆக்சைடு சூப்பர்கண்டக்டர்) டேப் விக்கிறவங்கள்ல சிலர் டேட்டா ஷீட்ல பெருசா போடுற நம்பர் சராசரி கிரிட்டிக்கல் கரண்ட்தான் (தடையில்லாம ஓடக்கூடிய அதிகபட்ச கரண்ட்), 4 மிமீ அகலத்துக்கு 77 கெல்வின்ல (திரவ நைட்ரஜனோட குளிர்ல) இத்தன ஆம்ப்னு. இந்த டேப்ப வெச்சு மேக்னட் காயில் சுத்துறவங்களுக்கு அந்த நம்பரால பெருசா பிரயோஜனம் இல்ல, அந்த ரீல்லயே மோசமான இடம் எது, எத்தனாவது மீட்டர்ல இருக்குன்னுதான் அவங்களுக்கு தெரியணும்.

ஏன்னு ஒரு கணக்கு போட்டு பாருங்க. 100 மீட்டர் டேப், முழுக்க 120 ஆம்ப் தாங்கும், நடுவுல ஒரே ஒரு சென்டிமீட்டர் மட்டும் 80 ஆம்ப், என்-வேல்யூ (கரண்ட் ஏறும்போது வோல்டேஜ் எவ்வளவு செங்குத்தா ஏறும்னு சொல்ற எண்) 30. சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோவோல்ட்ங்கிற அளவுகோல வெச்சு ரெண்டு முனையிலயும் வோல்டேஜ் எடுத்தா மொத்தம் 10 மில்லிவோல்ட் வர்ற வரைக்கும் கரண்ட ஏத்திக்கிட்டே போவீங்க, அது வர்றது கிட்டத்தட்ட 108 ஆம்ப்ல, அப்ப ரிப்போர்ட்ல 108னு எழுதிட்டு பாஸ் பண்ணிடுவீங்க, ஆனா அந்த ஒரு சென்டிமீட்டர்ல மட்டும் ஒரு வாட் சூடு ஓடிட்டு இருக்கு. திரவ நைட்ரஜன்ல முக்கி வெச்சிருக்கும்போது தப்பிச்சிடும், காயிலுக்குள்ள அடைச்சு வெச்சா கருகிடும். இந்த வகை டேப்ல சூடான இடம் ரொம்ப மெதுவாதான் பரவும், அதனால வெளிய வோல்டேஜ் தெரியறதுக்கு முன்னாடியே அந்த இடம் காலி.

அதனால முனைக்கு முனை அளக்குறத மட்டும் நம்பாம, ரீல் டு ரீல் ஓடவிட்டு ஹால் சென்சார் (காந்தப்புலத்த அளக்குற சென்சார்) வெச்சு ஸ்கேன் பண்ணுங்க. டேப்ப மேக்னடைஸ் பண்ணி, மேல ஒரு சென்சார் இல்ல, அகலவாக்குல வரிசையா பல சென்சார் வெச்சு காந்த ஃபீல்ட படிச்சா, குறை ஓரத்துல இருக்கா நடுவுலயான்னு மில்லிமீட்டர் கணக்குல தெரியும். பேட்டர்ன பாத்தாலே பாதி விடை கெடச்சுடும். ஓரத்துலயே குறைன்னா ஸ்லிட்டிங் (அகலமான டேப்ப நீளவாக்குல கிழிக்கிறது) பக்கம் போங்க. 12 மிமீ டேப்ப மூணா கிழிச்சிருந்து மூணு இழையிலயும் ஒரே இடத்துல சரிவு இருந்தா கோளாறு அதுக்கு முந்தின ஸ்டேஜ்ல. 31.4 செமீக்கு ஒரு தடவ அதே சரிவு திரும்ப திரும்ப வந்தா, 10 செமீ விட்டமுள்ள ஏதோ ஒரு ரோலர்ல தூசியோ கீறலோ இருக்கு, எடுத்து துடைங்க.

இதெல்லாம் நடக்கணும்னா ஒவ்வொரு ஸ்டேஜோட லாகும் (டெம்பரேச்சர், பிரஷர், டேப் ஸ்பீடு) மீட்டர் கணக்குல சேவ் ஆகணும், டைம் கணக்குல இருந்தா பொருத்துறதுக்குள்ள தாவு தீர்ந்துடும். இன்னொண்ணு, ஒவ்வொரு தடவ ரீல் மாத்தி சுத்தும்போதும் தலை வாலாயிடும், வால் தலையாயிடும், அதனால முதல்லயே ஒரு முனையில அழியாத மார்க் போட்டுடுங்க.

இனி ஸ்டேஜ் ஸ்டேஜா பாத்தா, அடியில இருக்குற ஹேஸ்டலாய் (நிக்கல் உலோகக்கலவை) பட்டை (பொதுவா 50 மைக்ரான் இல்ல அதுக்கு பக்கத்துல) நானோமீட்டர் அளவுக்கு வழவழப்பா இருக்கணும், அதுக்கு மேல அயன் பீம் வெச்சு வளக்குற மெக்னீசியம் ஆக்சைடு லேயர்தான் கிரெயின் (குட்டி குட்டி படிகம்) எல்லாத்தையும் ஒரே பக்கம் திருப்பி வைக்குது. பக்கத்து பக்கத்து கிரெயின் சில டிகிரி திரும்பிட்டாலே கரண்ட் மளமளன்னு விழும், அதனால கிரெயின் எவ்வளவு திரும்பியிருக்குன்னு காட்டுற எக்ஸ்ரே ஃபை ஸ்கேன இந்த லேயர் முடிஞ்ச உடனே எடுங்க, ரெப்கோ போட்ட அப்புறம் எடுத்து அழறதுல அர்த்தமில்ல. ரெப்கோ லேயர் போடும்போது டெம்பரேச்சர் கொறஞ்சா கிரெயின் படுத்து வளரும், ஏறினா கீழ உள்ள பஃபரோட (பட்டைக்கும் ரெப்கோவுக்கும் நடுவுல இருக்குற ஆக்சைடு லேயர்) ரியாக்ட் ஆகும், ஹீட்டர் தெர்மோகப்புள் சரியா காட்டினாலும் டேப் மேல நெஜ சூடு வேறயா இருக்கலாம்.

அடுத்து ரெப்கோவுக்குள்ள ஏத்த வேண்டிய ஆக்சிஜன். வெள்ளி லேயர் போட்டதும் 400-500 டிகிரி செல்சியஸ்ல ஆக்சிஜன்ல வெச்சு ஊற வைக்கணும், வெள்ளி வழியா ஆக்சிஜன் உள்ள போகும், காப்பர் பிளேட்டிங் அப்புறம்தான். பின்னாடி ஜாயின்ட் போடுறவங்க அதிக சூட்டுல ரொம்ப நேரம் சால்டர் பண்ணா அதே ஆக்சிஜன் வெளிய போயிடும், உருகுநிலை கம்மியான சால்டர எடுத்து சட்டுனு முடிங்க.

ஸ்லிட்டிங்ல பிளேடு மழுங்கினா ஓரத்துல மைக்ரோ கிராக் விழுந்து உள்ள ஓடும், லேயர் பிரியறதும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ஒரு துண்டு வெட்டி காப்பர், வெள்ளி ரெண்டையும் கெமிக்கல்ல கரைச்சு எடுத்துட்டு ஓரத்த மைக்ரோஸ்கோப்ல பாருங்க, கோடு கோடா விரிசல் எவ்வளவு தூரம் உள்ள வந்திருக்குன்னு நேரா தெரியும். நீளவாக்குல 500 மெகாபாஸ்கல்னாலும் தாங்குற டேப்பு, மேலயும் கீழயும் பிடிச்சு பிச்சா சில சமயம் 10லயே பிரிஞ்சிடும், இழுவை டெஸ்ட் மட்டும் பண்ணிட்டு விடுறவங்க இத பாக்குறதே இல்ல, எப்பாக்சி ஊத்தின காயில் குளிரும்போது வர்ற இழுப்பு இந்த பக்கம்தான்.

சின்ன சாம்பிள நைட்ரஜன்ல அளக்கும்போது கரண்ட் குடுக்குற கிளாம்புக்கு ஒட்டி வோல்டேஜ் அளக்குற வயர ஒட்டாதீங்க, தள்ளி வைங்க. ரெண்டு வோல்டேஜ் வயருக்கும் இடைவெளி 10 செமீன்னா உங்க எல்லை 10 மைக்ரோவோல்ட், வயர் முனையில வர்ற தெர்மல் வோல்டேஜே அந்த அளவுக்கு இருக்கலாம், அதனால முதல்லயும் கடைசியிலயும் ஜீரோ கரண்ட்ல ரீடிங் எடுத்து கழிச்சுடுங்க, வயர முறுக்கி விடுங்க. முக்கினதும் புஸ்ஸுன்னு கொதிக்கும், அந்த சத்தம் அடங்கற வரைக்கும் கரண்ட தொடாதீங்க. நைட்ரஜன் ஆவியானா கிட்டத்தட்ட 700 மடங்கு விரியும், மூடின ரூம்ல பண்ணாதீங்க.

77 கெல்வின்ல நல்லா இருக்குற டேப் 20 கெல்வின்ல, பெரிய ஃபீல்டுல அதே வரிசையில நிக்கும்னு நெனச்சுடாதீங்க. பேரியம் சிர்கோனேட் மாதிரி பின்னிங் (உள்ள நுழையுற காந்தக் கோடுகள நகர விடாம பிடிச்சு வைக்கிற பொருள்) கலந்த டேப் 77ல கொஞ்சம் சுமாரா தெரிஞ்சு 20ல தூக்கி அடிக்கலாம், ஃபீல்டு எந்த கோணத்துல விழுதுங்கிறதும் சேந்துக்கும். 2021ல எம்ஐடியும் காமன்வெல்த் ஃபியூஷன் சிஸ்டம்ஸும் 20 டெஸ்லா காட்டின மேக்னட்டுக்கு 267 கிலோமீட்டர் டேப் போச்சு, அத்தனையும் ஓடுற கண்டிஷன்லயே வெச்சு அளக்க யாராலயும் முடியாது. ரீலோட ரெண்டு முனையிலயும் ஒரு துண்டு எடுத்து குளிர்லயும் ஃபீல்டுலயும் அளங்க, நடுவுக்கு 77 கெல்வின் ஸ்கேன். வெளிய எடுத்த சாம்பிள அப்படியே மேஜையில போட்டுடாதீங்க, பனி உருகி வெட்டின ஓரம் வழியா தண்ணி உள்ள போனா ரெப்கோ கெட்டுடும், உலர்ந்த நைட்ரஜன் வாயு அடிச்சு காய வெச்சுட்டு, அதே துண்ட மறுபடி முக்கி ரெண்டாவது ரீடிங் எடுங்க, கொறஞ்சிருந்தா அந்த ரீல அனுப்பாதீங்க.