வயலைப் பார்த்து உணவுப் பட்டியல் எழுதும் முறை

பக்கத்து நிலங்களில் விளைவதைக் கொண்டு நவீன இந்திய உணவகம் நடத்த விரும்புவோர் பலரும் முதலில் உணவுப் பட்டியலை எழுதி முடித்துவிட்டு, அதற்கு வேண்டிய காய்களைத் தேடிப் பிறகு புறப்படுகிறார்கள். அச்சடித்த பட்டியலில் முருங்கைக்காய் இருக்கும். ஐப்பசி மழையில் காய் வரத்து நின்றுபோகும். வேறு வழியின்றி தொலைதூரச் சரக்கை வாங்கத் தொடங்குவார்கள். எனவே விளைச்சல் நாட்காட்டியை முதலிலும் பட்டியலை அதன் பிறகும் எழுத வேண்டும்.

நாட்காட்டியைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல், உங்கள் ஊர் உழவர் சந்தையிலிருந்து எடுங்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் சந்தை திறக்கப்பட்ட இத்திட்டத்தில், அடையாள அட்டை பெற்ற உழவர்களே தம் விளைச்சலை நேரடியாக விற்கிறார்கள் என்பதால், அங்கு விடியற்காலையில் குவிந்து கிடப்பதே அந்த வாரத்தின் உண்மையான பருவம். வாரம் ஒருமுறை குறிப்பேட்டுடன் சென்று, எந்தக் காய் தலைகாட்டுகிறது, எது மலிந்து கிடக்கிறது, எது முற்றத் தொடங்கிவிட்டது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் தை மாதம் மொச்சை, அவரை, சிறுகிழங்கு, பனங்கிழங்கு, பச்சை மஞ்சள் ஆகியவற்றுக்கு உரியது. மாசி, பங்குனியில் மாவடுவும் வேப்பம்பூவும் வரும். சித்திரை, வைகாசியில் நுங்கு, மாம்பழம், பலா. ஆனி, ஆடியில் நாவல். கடல் உணவு பரிமாறுவோர், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த 61 நாட்களிலும் நாட்டுப் படகில் வருவதை மட்டும் வாங்கிச் சிறிய அளவில் சமைப்பதே நேர்மையானது.

பட்டியல் எழுதும்போது நம் சமையலின் அமைப்பே பெரிய துணையாக இருக்கிறது. கூட்டு, பொரியல், மசியல், துவையல், பச்சடி என்பவை எந்தக் காயின் பெயரும் அல்ல; எந்தக் காயையும் ஏற்கும் வடிவங்கள். ஆகவே வடிவத்தை மட்டும் அச்சிட்டு, காயின் பெயரை அன்றாடம் கரும்பலகையில் எழுதலாம். புதுமையையும் இந்த வடிவங்களுக்குள்ளேயே தேடலாம் என்பது என் உறுதியான கருத்து. பச்சை மொச்சையைத் தோல் நீக்கிப் பிதுக்கி, வெண்ணெய் போல மசித்துப் பரப்பி, அதன்மேல் சுட்ட பனங்கிழங்கை மெல்லிய சீவலாகத் தூவி, பச்சை மஞ்சள் ஊறுகாயுடன் வைத்தால், அது தை மாதத்தில் மட்டுமே சாத்தியமான ஒரு தட்டு. நுங்கை நன்னாரிச் சாற்றில் குளிரவைத்துத் தரலாம். ஆனால் வெட்டிய அன்றே பரிமாற வேண்டும்.

உழவரிடம் பேசும் நேரம் அறுவடைக் காலம் அன்று, விதைப்புக்கு முன்பு. சிறுகீரை ஏறத்தாழ 25 நாளில் பறிப்புக்கு வரும். வெண்டை காய்க்க ஒன்றரை மாதம் ஆகும். கத்தரிக்கு அதைவிடக் கூடுதல் காலம் வேண்டும். இந்தக் கணக்கை வைத்தே அடுத்த பட்டியலைத் திட்டமிட வேண்டும். சந்தை விலை சரிந்தாலும் குறையாத அடிப்படை விலை ஒன்றை இருவரும் ஒப்புக்கொண்டு எழுதிவைத்து, பணத்தை அந்த வாரத்திற்குள் கொடுத்துவிடுங்கள். வளைந்த கத்தரிக்காயையும் சிறுத்த கிழங்கையும் வாங்கிக்கொள்ளும் உணவகத்தைத்தான் உழவர் தன் உணவகமாகக் கருதுவார். துவையலுக்கும் மசியலுக்கும் காயின் உருவம் எதற்கு? ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது இரண்டு நிலங்கள் இருப்பது நல்லது, ஏனெனில் ஒரே மழையில் ஒரு நிலம் முழுவதும் வீணாகிவிடக்கூடும்.

மலிவான காலத்தில் மழைக்காலத்தை நினைத்துச் சமைப்பது இத்தொழிலின் பாதி. மோரில் ஊறவைத்த சுண்டைக்காயும் மணத்தக்காளியும் சித்திரை வெயிலில் வற்றலாக வேண்டும். தக்காளி குவியும் வாரத்தில் தொக்குக் கிளறிவைக்க வேண்டும். மாவடு உப்பில் ஊற வேண்டும். கார்த்திகையில் கீரை அழுகி வரும்போது வற்றல் குழம்பும் சேனை மசியலும் உங்கள் பட்டியலைத் தாங்கி நிற்கும்.

ஒரே நிலத்துக் காயும் வாரத்துக்கு வாரம் சுவை மாறும் என்பதால், சமையல் குறிப்பில் புளி, உப்பு, தண்ணீர் ஆகியவற்றுக்கு இறுகிய அளவு எழுதாமல் ஒரு வரம்பை மட்டும் எழுதுங்கள். அரிசிக்கு இது இன்னும் பொருந்தும்: அறுவடை முடிந்து சில வாரமே ஆன அரிசி குறைந்த தண்ணீரிலேயே குழைந்துவிடும் என்பதால் பொங்கலுக்கு ஏற்றது, உதிரியாகச் சோறு வேண்டுமெனில் ஓராண்டு பழகிய அரிசியே சரி. மூட்டை மாறும்போதெல்லாம் ஒரு கிண்ணம் வேகவைத்துப் பார்த்த பிறகே பெரிய உலை ஏற்ற வேண்டும்.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவோ உரிமமோ இல்லாமல் கடை திறக்கக் கூடாது என்பது அனைவரும் அறிந்ததே. அதே ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, சான்று பெறாத விளைபொருளை 'ஆர்கானிக்' என்று சொல்லி விற்க முடியாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகவே அச்சொல்லைத் தவிர்த்து, விளைந்த ஊரையும், உழவரின் இசைவு இருந்தால் அவர் பெயரையும், பயிரிட்ட முறையையும் உள்ளபடி எழுதினால் போதும்.

கடை திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பு, பரிமாறுவோர் அனைவரும் அன்றைய ஒவ்வொரு உணவையும் ஒரு வாய் சுவைத்து, காயின் பெயரையும் அது விளைந்த ஊரையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு காய் தீர்ந்ததும் கரும்பலகையில் அதன் பெயரை அழித்துவிட்டு, அடுத்து எது சூடாக இருக்கிறதோ அதை எழுதுங்கள்.