தீர்வு கிடைக்கவில்லையா? வேகத்தால் பெருக்குங்கள்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் கோப்பிக்கடையில் தம்பிக்கு டிஷ்யூ தாளில் எழுதிக் காட்டியது இது. 'முடுக்கம் + இடப்பெயர்ச்சியின் முப்படி = 0' மாதிரி வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்க மண்டையை உடைக்காதீர்கள். வேகத்தால் பெருக்கி, நேரத்தைப் பொறுத்துத் தொகையிடுங்கள் (integration). வேக வர்க்கத்தில் பாதி, இடப்பெயர்ச்சியின் நான்காம் படியில் கால், இரண்டின் கூட்டுத்தொகை மாறாது. இரண்டுமே பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாதே! அப்புறம் தீர்வு எங்கே தப்பி ஓடும்? ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும். வேகத்துக்கு விகிதமான உராய்வைச் சேர்த்தால் அந்தக் கூட்டுத்தொகை கரைந்து, ஆட்டம் அடங்கிவிடும். ரஷ்யக் கணித அறிஞர் லியாபுனோவ் 1892இல் பொதுமைப்படுத்திய வழி இதுதான்.

மூன்றாம் வகைக்கெழு வரை போகும் மூன்றாம் வரிசைச் சமன்பாட்டில் மட்டும் உஷார். சமநிலைக்கு அருகே நேரியலாக்கி (முதல் படி உறுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு), மூன்றாம் வகைக்கெழுவின் குணகத்தை 1 ஆக்குங்கள். ஆட்டம் அடங்க, மற்ற மூன்று குணகங்களும் நேர்மறையாக இருந்தால் மட்டும் போதாது. முடுக்கம், வேகம் இவற்றின் குணகங்களைப் பெருக்கினால் கடைசிக் குணகத்தைவிட, அதாவது இடப்பெயர்ச்சியின் குணகத்தைவிட, அதிகமாக வரவேண்டும். தம்பி கோட்டைவிட்டது இங்கேதான்.